பறக்கத்துக்கு ஒரு கரண்டி

மாவடிப்பள்ளி வயல்வெளி, எங்கள் பேச்சில் வட்டை. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. என் மனைவியின் சீதனக் காணி மூன்று ஏக்கர். அதன் வரம்பில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன்.

வலப்பக்கம் மச்சானின் வயல். பச்சை. இடப்பக்கம் வேறொருவரின் வயல். அதுவும் பச்சை. நடுவில் என்னுடையது. விதைத்துப் பன்னிரண்டு நாளாகியும் சேற்றுக்கு மேலே விரல்கடை உயரத்தில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ நிற்கிறது. அதைப் பயிர் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

கொக்கு ஒன்று பறந்து வந்து என் வயலில் இறங்கியது. இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு நடந்தே மச்சானின் வயலுக்குப் போய்விட்டது.

என் பக்கத்தில் ஆதம்பாவா நின்றார். அவர்தான் என் முல்லைக்காரர், அதாவது வயல் வேலைக்கெல்லாம் தலைவர். தொண்டையைச் செருமினார்.

“முதலாளி, இது வளருமா?”

“வளரும். இப்ப வேருக்குள்ள வளந்துக்கிட்டு இரிக்கி.”

“வேர் இரிக்கா முதலாளி?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்வது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தரம். அதனால்தான் அந்தக் காலை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு, இரண்டு தரம்

சாயத் தொழிலில் நான் கொடிகட்டிப் பறந்த கதையைப் போன கிழமைப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், ‘இவ்வளவு பெருமை பேசுகிறீர்களே, நீங்கள் தோற்றதே இல்லையா?’ என்று கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். தோற்றிருக்கிறேன், ஐயா. அதிலும் நான்தான் முதலாவது. எங்கள் பகுதியில் மூன்று ஏக்கரை ஒரே பின்னேரத்தில் தோற்ற வேறொருவர் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆனால் ஐந்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தேன். கூட்டிப் பார்த்தால் பத்து. கல்யாணப் பேச்சின்போது என் வாப்பா பெண் வீட்டாரிடம் இந்தக் கணக்கைத்தான் சொன்னார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆசியாவை எனக்கு முடித்துத் தந்தார்கள்.

அந்தக் காலத்தில் மருதமுனையில் நெசவுக்காரருக்குச் சாயம் கரைத்துக் கொடுப்பதே என் வேலை. ரசாயனம் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அங்கே கற்றதுதான்: தூள் கூடினால் நிறம் கூடும். பாவு நூல் வெளுத்துத் தெரிந்தால் இன்னொரு பிடி போடு. இந்தச் சட்டம் என்னைப் பதினைந்து வருடம் காப்பாற்றியது. பதினாறாவது வருடத்தில் கைவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், கடைகளில் ஜப்பான் சாமான் வந்து நிறைந்த காலம். கல்முனைப் பிரதான வீதியில் பயிர் மருந்துக் கடை ஒன்றைத் திறந்தேன். பூச்சி மருந்து, உரம், தெளிக்கும் கருவி எல்லாம் கிடைக்கும். வாடின இலையை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், முகர்வேன், கொஞ்ச நேரம் கண்ணை மூடுவேன். பிறகு ஒரு போத்தலை எடுத்துக் கொடுப்பேன். பத்தில் எட்டுப் பேருக்குச் சுகம் கிடைத்தது. மற்ற இரண்டு பேரும் திரும்பி வந்து எதுவும் சொன்னதில்லை.

ஊரில் என்னை ‘டொக்டர்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான் கூப்பிட்டார்கள் என்று ஆசியா சொல்வாள். கூப்பிட்டார்களா இல்லையா, அதுதான் எனக்கு வேண்டும்.

ஆனால் இந்த டொக்டர் சொந்தக் கையால் ஒரு நெல்லும் விதைத்தது கிடையாது. ஆசியாவின் காணியை அவளுடைய மூத்த காக்கா, அதாவது அண்ணன், மீராலெவ்வை மச்சான்தான் செய்துவந்தார். போகத்துக்குப் போகம் நெல்லை மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவார். இறக்கிவிட்டு, “டொக்டர் சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வளையத்துக்குள் ஒரு மாப்பிள்ளை

ஒரு நாள் கடைக்கு ஒரு மெலிந்த மனிதர் வந்தார். கண்ணாடி, கையில் தோல் பை. அட்டாளைச்சேனைப் பிள்ளை, மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படிப்பிக்கிறாராம். பேர் ஜெமீல்; படிப்பிக்கிறவர் என்பதால் ஊருக்கு ஜெமீல் சேர். லீவில் வந்திருந்தார். பையைத் திறந்து ஒரு மண்ணிறப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். போத்தலின் பக்கத்தில் கோடுகள் போட்ட காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

“காக்கா, இது வளர்ச்சி ஊக்கி. உரமில்ல. செடி தன்ட உடம்புக்குள்ள தானே செய்ற ஒரு சாமான் இரிக்கி. அந்தச் சாயல்ல நாங்க ஆய்வுகூடத்தில செஞ்சது. பயற்றங்கொட்டையில பாத்தாச்சு, நல்ல வேலை செய்யிது. நெல்லுல பாக்க ஒரு துண்டு வயல் வேணும்.”

“இதுக்குப் பேர் என்ன?”

“பல்லின வளையச் சேர்வை.”

“வளையமா?”

அவர் சாமான் சுற்றுகிற தாளை இழுத்து ஒரு படம் கீறினார். ஆறு மூலையில் ஓர் அறை. அதோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஐந்து மூலையில் இன்னோர் அறை.

“இந்த மூலை எல்லாத்திலயும் காபன் இரிக்கி காக்கா. ஒரே குடும்பம். இந்த ஒரு மூலையில மட்டும் பாருங்க, நைதரசன். வெளியாள். அவன் வந்து குந்தினதாலதான் இந்த வளையத்துக்கே ஒரு குணம் வந்திச்சு.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவான். வீடும் பெண்ணுக்கு, காணியும் பெண்ணுக்கு. மாமா, மாமி, மச்சான், மச்சினி எல்லாரும் ஒரே இரத்தம். ஒரு மூலையில் மட்டும் வெளியாள் ஒருவன் குந்தியிருப்பான்.

“அப்ப நைதரசன் மாப்பிள்ளை!” என்றேன்.

ஜெமீல் சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “இத நான் வகுப்பில செல்லப்போறன் காக்கா.”

ஒரு பல்கலைக்கழகத்தில் என் வார்த்தை பாடமாகப் போகிறது! அந்த நிமிடத்திலேயே வயலைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். வயல் என்னுடையதல்ல என்பது பின்னேரம் வீட்டுக்குப் போனபோதுதான் ஞாபகம் வந்தது.

மச்சானோடு போட்ட பேச்சு

ஆசியாவிடம் கேட்டேன். “இந்தப் போகம் உங்கட காணிய நானே செய்யட்டா?”

அவள் மீன் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். “உங்களுக்குத் தண்ணி திறக்கிற வக்கடை எது, வாய்க்கால் எதெண்டு தெரியுமா?”

“எனக்கு ரசாயனம் தெரியும்.”

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் காக்காவின் வீட்டுக்குப் போய் என்ன கதைத்தாளோ, காணி என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சும்மா வரவில்லை. வட்டைக்கெல்லாம் பொறுப்பான வட்டைவிதானைக்கு முன்னால் மச்சான் ஒரு பேச்சு வைத்தார்.

“மச்சான், உங்கட வெள்ளாமை நல்லா வந்தா காணி உங்கட கையிலயே இரிக்கட்டும். எனக்குச் சந்தோசம். வராட்டிக் காணிய நான் செய்வன். மறுகா நீங்க இந்த வரம்புல கால் வைக்கப்படாது. தங்கச்சிட வீட்டுச் சோறு விளையாட்டில்ல.”

“ஓம்” என்றேன். ஒரு தரம் சொன்னால் போதும். நான் மூன்று தரம் சொன்னேன்.

ஆக, அந்தப் போகத்தில் மூன்று ஏக்கர் நெல்லும், எங்கள் வீட்டு வருடச் சோறும், ஆசியா தன் காக்காவிடம் பேசிய பேச்சும், என் ‘டொக்டர்’ பட்டமும் ஒரு மண்ணிறப் போத்தலுக்குள் இருந்தன.

ஜெமீல் சேர் மலைநாட்டுக்குத் திரும்புவதற்கு முன்பு கடைக்கு வந்து ஒரு கண்ணாடித் துளிக்குழாயைத் தந்தார்.

“காக்கா, விதை நெல் ஊற வைக்கிற தண்ணியில, ஒரு மூட்டைக்கு இருபது துளி.”

“இருபது கரண்டியா?”

“துளி.”

“நான் தும்மினா அதவிடக் கூட வருமே தம்பி!”

“கூடினா வேலை மாறிடும் காக்கா. கொஞ்சமா இரிந்தா வேரத் தட்டி எழுப்பும். கூடினா அதே சாமான் வேர அமத்திப் போடும். ரெண்டுக்கும் இடையில நூலளவுதான். இன்னொண்டு, மூணு மூட்டையில ஒண்டுக்கு மட்டும் போடுங்க. மத்த ரெண்டும் சும்மா தண்ணியில ஊறட்டும். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்கலாம்.”

நான் தலையாட்டினேன். கடைக்காரன் தலை அப்படித்தான் ஆடும். மனம் வேறு சொன்னது: ஒப்பிட்டுப் பார்க்க மச்சானின் வயல் பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்கு நம்முடைய இரண்டு மூட்டையை வீணாக்க வேண்டும்?

போகும்போது அவர் கடைக்குப் பின்னால், குழாய் ஒழுகுகிற இடத்தில், இரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் சேற்றை நிரப்பி, ஒன்றில் சும்மா ஊறிய நெல்லையும் மற்றதில் தன் கையால் மருந்து அளந்த நெல்லையும் போட்டுவிட்டுப் போனார். பேணியில் என்ன விளைந்துவிடப் போகிறது என்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிறம் மாறாத தண்ணீர்

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெல் அளக்கிறவர் முதலாவது மரைக்கால் படியை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார். ‘பறக்கத்து’ என்பார். அல்லாஹ் அதில் பெருக்கத்தைத் தரட்டும் என்று பொருள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. அளந்து முடிந்ததும் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார், அதுவும் பறக்கத்துக்கு. சரியாக அளந்து கையைத் தட்டிக்கொள்கிறவனை எங்கள் பக்கத்தில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்று பின்னேர அசர் தொழுகைக்கு முன்பு, எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் மூன்று மூட்டை விதை நெல்லையும் கொட்டித் தண்ணீர் நிரப்பியிருந்தோம். மூன்று மூட்டைக்கு அறுபது துளி. நான் துளிக்குழாயைப் பிடித்துச் சத்தமாக எண்ணினேன். நாற்பத்து மூன்றில் வேலிக்கு அப்பால் யாரோ ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னேன், எண்ணிக்கை தவறியது. நாற்பதிலிருந்து மறுபடி பிடித்தேன்.

அறுபது முடிந்தது. தொட்டியைப் பார்த்தேன்.

தண்ணீரின் நிறம் மாறவே இல்லை.

பதினைந்து வருடம் சாயம் கரைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. மருந்து போட்ட தண்ணீருக்கும் போடாத தண்ணீருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதையா நம்பி மச்சானோடு பேச்சுப் போட்டேன்? குசினியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்தேன். போத்தலைச் சரித்தேன். “பறக்கத்துக்கு” என்று வாய்க்குள்ளேயே பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி ஊற்றினேன். போத்தலையும் கரண்டியையும் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, நிம்மதியாகப் பள்ளிக்குத் தொழப் போனேன்.

ஊறவைத்து, வடித்து, சாக்குப் போட்டு மூடி, முளை பார்த்த அன்று ஆதம்பாவா ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“முதலாளி, முளை கட்டையா இரிக்கே. வேரும் தடிப்பா, மொட்டையா இரிக்கி.”

“அது பலம்! பயில்வானப் பாத்திரிக்கயா? ஆள் கட்டைதான்.”

விதைத்த அன்று மச்சான் தன் வரம்பில் நின்று குரல் கொடுத்தார்.

“என்ன மச்சான், நெல்லுக்கு வளையம் போட்டிரிக்கயளாம்?”

“பல்லின வளையச் சேர்வை!”

“நம்முட எருமைக்கும் ஒண்டு கிடைக்குமா? மூக்கில போட.”

வட்டையே சிரித்தது. நானும் சிரித்தேன். பன்னிரண்டு நாளில் யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் கொக்கு வந்த கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

போத்தல் சொன்ன சாட்சி

அதற்கு அடுத்த நாள் ஜெமீல் சேர் வந்தார். போத்தலைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு வயலுக்கு வந்தார். வரம்பில் ஆதம்பாவா நின்றார். மச்சானும் வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க இன்னும் நாலைந்து பேர்.

சேர் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். அதைப் பிடுங்கப் பலமே தேவைப்படவில்லை. வேர் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ஒரு குச்சி இருந்தது.

“காக்கா, எத்தின துளி போட்டீங்க?”

“அறுபது.”

“மூணு மூட்டைக்கும் போட்டீங்களா?”

“ஓம்.”

“அறுபது மட்டும்தானா?”

நான் வரம்பைப் பார்த்தேன். “பறக்கத்துக்கு ஒரு கரண்டி.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

சேர் போத்தலை எடுத்து வெயிலில் பிடித்தார். காகிதக் கோடுகளில் விரலை வைத்து எண்ணினார். திரும்ப எண்ணினார்.

“ஒரு கரண்டி இல்ல காக்கா. மூணு கரண்டி போயிரிக்கி.”

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. நான் ஊற்றியது ஒன்று. அப்படியானால் மற்ற இரண்டும்? என் வெள்ளாமை அழிந்தால் காணி யார் கைக்குப் போகும்? நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர், அதுநாள் வரை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு சொல் நான் அவரிடம் சொன்னதில்லை.

“நீதான்டா ஊத்தினது!”



“என்னத்த?” என்றார் மச்சான்.

“கிணத்தடிக்கு வந்து மருந்த ஊத்தி என்ட பயிரக் கொன்டுட்டாய்! தங்கச்சிட காணியத் திரும்ப எடுக்கத்தானே?”

அப்போது ஆதம்பாவா கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதுபோல.

“முதலாளி, ஒரு கரண்டி நான்.”

“நீயா? என்னத்துக்கு?”

“நீங்க துளி துளியா எண்ணினத வேலிக்கு அங்கால நிண்டு கேட்டன். ஸலாம் சொன்னதும் நான்தான். அறுபது எண்டு முடிச்சீங்க. பறக்கத்துக்கு ஒண்டும் போடல எண்டு நினைச்சன். முதலாளி மறந்திட்டாரு, வெறுங் கணக்கா விட்டா நல்லமில்ல எண்டு, நீங்க தொழப் போன நேரம் நான் போட்டன்.”

“சரி, அது ஒண்டு. மத்தது?” நான் மச்சானை விடவில்லை. “மத்தது ஆரு?”

மச்சான் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் குரல் உயரவில்லை.

“மச்சான், உங்கட வயலப் பாத்து நான் சிரிச்சிரிக்கன். ஓம். ஆனா அது என்ட தங்கச்சிட சோறு. அதில நஞ்சு ஊத்துவனெண்டு நினைச்சீங்களா?”

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அப்போதும் அவர் என்னை ‘நீங்க’ என்றுதான் சொன்னார்.

மூன்றாவது கரண்டி

வீட்டுக்கு வந்தேன். ஆசியா குசினியில் சுறா வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வெற்றிவீரன் மாதிரி அவள் முன்னால் நின்றேன்.

“உங்கட காக்காக்கு வட்டையில வச்சுச் சரியான பேச்சுக் குடுத்திட்டன். மூணாவது கரண்டிய ஊத்தினது அவருதான்.”

கத்தி நின்றது.

“எந்தக் கரண்டி?”

விவரம் சொன்னேன். அவள் எழும்பிக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“அது நான்.”

“எது?”

“மூணாவது கரண்டி. கிணத்துக் கட்டில போத்தலும் கரண்டியும் கிடந்திச்சு. நான்தான் ஒண்டு ஊத்தினன்.”



“நீங்க ஏன்கா ஊத்தினீங்க? உங்களுக்கு இந்த மருந்தில நம்பிக்கையே இல்லையே!”

“மருந்தில இல்லதான்” என்றாள். “காக்காட வீட்ட போய்க் காணியக் கேட்ட நேரம் எல்லாரும் சிரிச்சாங்க. மச்சினி சிரிச்சா, பிள்ளைகளும் சிரிச்சாங்க. ‘டொக்டருக்கு வெள்ளாமையாம்’ எண்டு. ஒரு தரமாவது நீங்க செல்றது நடக்கட்டும் எண்டுதான், பிஸ்மி செல்லி ஊத்தினன்.”

கல்யாணம் முடித்து அத்தனை வருடத்தில் அவள் என் பக்கம் நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். அது தெரிய மூன்று ஏக்கர் செலவாயிற்று. மலிவுதான்.

அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது நான் செய்தது, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மச்சானின் வீட்டுக்குப் போனதுதான். ஆசியாவும் கூட வந்தாள். நான் ஓடிவிடாமல் இருக்க வந்தாளோ என்னவோ. வழியில் ஜெமீல் சேரையும் கூட்டிக்கொண்டேன். படித்த மனிதர் நின்றால் அடி குறையும்.

மச்சான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். மாப்புக் கேட்கப் பெரிய பேச்சொன்று தயாரித்து வைத்திருந்தேன். ‘மச்சான்’ என்ற முதல் சொல்லோடு அது நின்றுவிட்டது.

ஆசியா சொன்னாள்: “காக்கா, கரண்டி என்ட.”

அவர் தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேரைப் பார்த்தார். அவருடைய தொப்பை மெல்லக் குலுங்கத் தொடங்கியது.

“அப்ப ஒரு நெல்லுக்கு மூணு பேர் பறக்கத்துப் போட்டிரிக்கயள்! நெல்லு எப்பிடித் தாங்கும்?”

 எழும்பி உள்ளே போய் நெல் அறையைத் திறந்தார். கெதியாக விளைகிற மூன்று மாத நெல். தனக்கென்று விதைக்கு எடுத்துவைத்தது.

“வாய்க்கால்ல இன்னும் தண்ணி ஓடுது. நாளைக்கே அழிச்சு உழுதிட்டு விதைக்கலாம்.”

அவரே மரைக்காலை எடுத்து அளந்தார். “பறக்கத்து… ரெண்டு… மூணு…” அளந்து முடிந்ததும் கை தன் பாட்டில் மேலே ஒரு பிடி அள்ளியது. அள்ளிய கை அந்தரத்தில் நின்றது. சேரின் பக்கம் திரும்பினார்.

“சேர், இதுக்குப் போடலாமா?”

“இதுக்கு எவ்வளவும் போடுங்க காக்கா” என்றார் சேர்.

இரண்டு பேணிகள்

பேச்சின்படி காணி மச்சான் கைக்குப் போனது. மறுபடி விதைத்தது அவர்தான். சுமாரான விளைச்சல், சோற்றுக்குக் குறைவில்லை. நான் வரம்பில் கால் வைக்கக் கூடாது என்பதையும் அவர் தளர்த்தினார். “கரண்டிய வீட்டில வச்சிட்டு வந்தா நிக்கலாம்” என்றார். இன்றைக்கும் வட்டைப் பக்கம் போனால் யாராவது ஒருவர் என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்.

கடைக்குப் பின்னால் பால்மாப் பேணிகள் இரண்டு இருந்தனவே, அவற்றை எல்லாரும் மறந்துவிட்டோம். மலைநாட்டுக்குத் திரும்புகிற அன்று ஜெமீல் சேர் போய்ப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். பாம்பு என்று நினைத்து ஓடினேன்.

சும்மா நெல் போட்ட பேணியில் பயிர் நன்றாகத்தான் நின்றது. மருந்து நெல் போட்ட பேணியில் அதைவிட அரைச் சாண் கூடுதலாக நின்றது. வேர் பேணியின் அடி ஓட்டையால் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தது. சேர் அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து எழுதினார். அந்தச் சின்ன மனிதர் அவ்வளவு பெரிதாகச் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆக, மருந்து உண்மையாகவே நல்ல மருந்து. இதை இங்கே சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. கெடுத்தது நாங்கள் மூன்று பேரும்தான்.

“என்ட வயலையும் எழுதினீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“எழுதினன் காக்கா. எவ்வளவு கூடினா அழியும் எண்டு தெரியிறதும் எங்களுக்கு வேணும். மூணு ஏக்கர்ல அதப் பாக்க எங்களுக்கு ஆரும் இடம் தரமாட்டாங்க.”

பார்த்தீர்களா? விஞ்ஞானத்துக்கும் நான் உதவியிருக்கிறேன். “அப்ப என்ட பேரப் போட்டீங்களா?” என்று எட்டிப் பார்த்தேன். ‘ஒரு விவசாயி’ என்று போட்டிருந்தார். விவசாயி! வட்டையில் ஒருவரும் தராத பட்டம். பேர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கடையை மருமகன் நடத்துகிறார். எங்கள் வீட்டு வளையத்தில் அவர்தான் இப்போது நைதரசன். எனக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்கு அரைக் கரண்டிக்கு மேல் சீனி கூடாது என்று உண்மையான டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆசியா என் கண் முன்னாலேயே அரைக் கரண்டி அளந்து, விரலால் வழித்துக் காட்டிப் போடுகிறாள். பிறகு கோப்பை குசினிக்குள் போகிறது. அங்கே மகள் நிற்கிறாள். சில நேரம் மருமகனும் நிற்கிறார்.

கோப்பை என் கைக்கு வரும்போது தேத்தண்ணி அரைக் கரண்டியைவிட இனிப்பாகத்தான் இருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்பதில்லை.